இரட்டைக் கோடு

அரீஸிலிருந்து பாத்னா போகும் பேருந்தில்
சீட்டுக் கிழிப்பவன் என் அண்ணன் லக்தர்.
ஜூலை வெயிலிலும் கம்பளிக் குல்லாய்.
புதிதாக ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள்.
பழகியவர்கள் சில்லறையை
அவன் விரல் படாமல் தட்டில் வைப்பார்கள்.

எனக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்பது.
ஒரே ஆட்டுக்குட்டியை மாற்றி மாற்றித் தூக்கினோம்.
ஒரே சீப்பு, என்னுடையது.
என் தலையில் காசளவு வட்டம்,
அவன் தலையில் காசளவு வட்டம்.
குளமில்லாத மலையில் இரண்டு படர்தாமரை.
அம்மா பூண்டை நசுக்கித் தடவினாள்.
பதினைந்து நாளில் என்னுடையது உதிர்ந்தது,
வகுப்பில் எல்லோருக்கும் உதிர்ந்ததுபோல.
அவனுடையது இருந்தது.
அன்று யாரும் பயப்படவில்லை.

பிறகு நகம் கொம்பாயிற்று.
கழுத்தில் நெறி கட்டியது, அக்குளில் கட்டியது.
மேல்தோலோடு நிற்க வேண்டியது
சதைக்குள் வேர்விட்டது.
ஜின் என்றார்கள். குளிக்காத பிள்ளை என்றார்கள்.
அம்மா அவனைத் தேய்த்தாள்.
தோல் சிவந்து ரத்தம் கசியும்வரை தேய்த்தாள்,
ஊர் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்துவைத்து.

அல்ஜியர்ஸில் டாக்டர் நஸீரா
எங்களைக் காகிதத்தில் வரைந்தார்.
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்.
அண்ணனின் கட்டத்தில் மை நிரப்பினார்.
தலைவலி தலைவலி என்று முப்பது வயதில் போன
பெரியப்பாவின் கட்டத்திலும் மை,
மேலே குறுக்காக ஒரு வெட்டு.
அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில்
இரண்டு கோடு.

எங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு, என்றாள் அம்மா.
கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் சொந்தம், அதனால்.
ஒரு கணம் அப்பாவின் முகத்தில் பெருமை.
நிலமும் வெளியே போகவில்லை,
ரத்தமும் வெளியே போகவில்லை என்று
அன்று பந்தலில் சொன்னார்களாம்.

உடம்பு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்
ஒரு வாக்கியம் இருக்கிறது, என்றார் டாக்டர்.
பூஞ்சை வந்திருக்கிறது, எழுந்திரு.
உங்கள் மகனிடம் அதன் நடுவிலேயே
முற்றுப்புள்ளி.

பூஞ்சை வந்திருக்.

அவ்வளவுதான் கேட்கும்.
மற்ற சேதியெல்லாம் சரியாகப் போய்ச் சேர்கிறது,
சளிக்காய்ச்சல் என்றால் மூன்றே நாளில் எழுந்துவிடுவான்.
இது மட்டும்.
அந்தப் புள்ளி
இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் இப்படி, என்றார்.
அப்பா சன்னலைப் பார்த்தார்.
அம்மா தன் கைகளைப் பார்த்தாள்.
அப்படியானால் நான் தேய்த்ததெல்லாம், என்று தொடங்கி
அவளும் நிறுத்திக்கொண்டாள்.

உயிருள்ளவரை மாத்திரை.
கடைகளில் கிடைக்காத மாதங்களில்
மார்செயிலிருந்து யாராவது,
ஒலிவக் காய்க்கும் சட்டைக்கும் நடுவே சுருட்டி.
விட்டால் ஆறே வாரம்,
குல்லாய்க்குள் தாமரை திரும்பிவிடும்.

என்னிடம் ஒரு புள்ளி இருக்கிறது.
எனக்கு ஒன்றும் ஆகாது.
சீப்பை நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

சென்ற மாதம் அத்தை பெண் கேட்டு வந்தாள்,
தேன் ஜாடியோடு, மகன் யூபாவோடு.
நான் கேட்டது ஒன்றுதான்:
யூபா முதலில் ரத்தம் கொடுக்கட்டும்.
எங்கள் ரத்தத்தில் அழுக்கா, என்று
அத்தை எழுந்துவிட்டாள்.
அம்மா அந்தச் சொல்லுக்குத் திடுக்கிட்டாள்.
அழுக்கு இல்லை, என்றாள் மெதுவாக,
அழுக்கு இல்லவே இல்லை.
யூபா ஒன்றும் பேசவில்லை,
கைச்சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

இன்று காலை அண்ணனின் பேருந்தில்
பாத்னாவுக்கு இரண்டு சீட்டு.
ஊசி என்றால் பயமாம், வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.
முடிவு தெரிய எத்தனை வாரமோ,
தெரிந்தபின் என்ன செய்வோமோ.
யூபா காசைத் தட்டில் வைக்கவில்லை,
கொம்பு நகம் முளைத்த அந்தக் கையில் வைத்தான்.
மீதி பத்து தினார் அப்புறம், என்றான் அண்ணன்,
எல்லோரிடமும் சொல்லிவிட்டு
தராமலே போவதுபோல.